‘ஸ்வீப்’ என்றால் பெருக்குவது மட்டும்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் படிக்கிறவர்கள் ‘ஸ்வீப்’ என்ற வினைச்சொல்லைத் துடைப்பத்தோடு சேர்த்தே கற்றுக்கொள்கிறார்கள். அப்புறம் தேர்தல் செய்தி, கிரிக்கெட் வர்ணனை, வெள்ளச் செய்தி, வங்கிப் படிவம் என்று போகிற இடமெல்லாம் அதே சொல் வந்து நிற்கும்போது குழம்பிப்போகிறார்கள். மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் இந்தச் சொல்லைப் பற்றி வழக்கமாகக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள், சீக்கிரம் பதியும்.

இந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் என்ன?

ஒரு பரப்பின்மேல் துடைப்பத்தையோ கையையோ அகலமாக வீசி, அங்கே கிடப்பதை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போவது. சுத்தமாவது அதனால் கிடைக்கிற பலன். சொல்லின் உயிர் அந்த வீச்சில்தான் இருக்கிறது. அகலமான அசைவு, எதிரே கிடப்பதை வாரிக்கொண்டு போகும் வேகம் இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், அகராதியில் வரிசையாக உள்ள பொருள்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வெள்ளம் வாரிக்கொண்டு போகிறது, ஒரு கட்சி தொகுதிகளை வாரிக்கொண்டு போகிறது, மட்டை பந்தை வாரிக்கொண்டு போகிறது. எல்லாம் ஒரே அசைவுதான்.

இறந்தகாலத்தில் ‘ஸ்வீப்ட்’ என்று நீட்டிச் சொல்லலாமா?

கூடாது. ‘ஸ்வெப்ட்’ என்று குறுகும். முற்றுப்பெற்ற நிலையிலும் அதே ‘ஸ்வெப்ட்’தான். கீப், ஸ்லீப், வீப், க்ரீப் ஆகியவை கெப்ட், ஸ்லெப்ட், வெப்ட், க்ரெப்ட் என்று மாறுவது போலத்தான் இதுவும். ஐந்தையும் ஒன்றாகச் சொல்லிப் பழகுங்கள்.

தரையைப் பெருக்குவது, குப்பையைப் பெருக்குவது இரண்டுக்கும் இதே சொல்தானா?

ஆமாம். தமிழில் ‘வாசலைக் கூட்டு’ என்கிறோம், ‘குப்பையைக் கூட்டு’ என்றும் சொல்கிறோம். ஆங்கிலமும் அப்படித்தான். ‘ஸ்வீப் த ஃப்ளோர்’ என்றால் இடம், ‘ஸ்வீப் த லீவ்ஸ்’ என்றால் அங்கே கிடக்கும் சருகு.

ஆனால் பின்னால் ஒரு சிறு சொல் ஒட்டிக்கொண்டால் கணக்கு மாறுகிறது. பலரும் தடுமாறும் இடம் இது என்பதால் கொஞ்சம் நின்று பாருங்கள். ‘ஸ்வீப் அப்’ என்றால் கிடப்பதைக் குவித்து அள்ளுவது. எனவே கூடவே குப்பையின் பெயர் வரும்: ‘ஷீ ஸ்வெப்ட் அப் த ப்ரோக்கன் கிளாஸ்’, உடைந்த கண்ணாடியைப் பெருக்கி அள்ளினாள். ‘ஸ்வீப் அவுட்’ என்றால் உள்ளிருப்பதை வெளியே தள்ளி இடத்தைச் சுத்தமாக்குவது. எனவே இடத்தின் பெயர் வரும்: ‘ஹீ ஸ்வெப்ட் அவுட் த கோடவுன்’. ‘ஸ்வீப் அவே’ என்றால் அடித்துக்கொண்டு போவது. இதைப் பெருக்குவதற்கும் சொல்லலாம், ஆனால் வெள்ளம், காற்று, கூட்டம் இவற்றோடு வருவதே அதிகம். ‘ஸ்வீப் அசைட்’ என்றால் ஒதுக்கித் தள்ளுவது. ஒருவருடைய எதிர்ப்பைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மேலே போகிற அதிகாரியைப் பற்றி ‘ஹீ ஸ்வெப்ட் அசைட் ஆல் அப்ஜெக்‌ஷன்ஸ்’ என்று எழுதுவார்கள்.

மாப், வைப், டஸ்ட், ஸ்க்ரப் இவற்றிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

தண்ணீர் இல்லாமல் துடைப்பத்தால் செய்வது ஸ்வீப். நம் வீடுகளில் பெருக்கிய பிறகு ஈரத் துணியால் ‘வீடு துடைப்பது’ என்கிறோமே, அதற்கு மாப். மேசை, கண்ணாடி, அடுப்புத் திட்டு போன்றவற்றைத் துணியால் துடைப்பது வைப். அலமாரி, புத்தகம், நாற்காலி மேல் படிந்த தூசியைத் தட்டுவது டஸ்ட். கறை போக அழுத்தித் தேய்ப்பது ஸ்க்ரப். அடிப்பிடித்த பாத்திரம் விளக்குவதற்கு இதுதான் பொருத்தமான சொல்.

‘ஸ்வீப் த டேபிள்’ என்று சொன்னால், மேசைமேல் இருந்த எல்லாவற்றையும் கையால் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டது போல ஒலிக்கும். வீடு துடைத்ததைச் சொல்ல ‘ஐ வைப்ட் த ஃப்ளோர்’ என்பது தப்பில்லை, ஆனால் ‘ஐ மாப்ட் த ஃப்ளோர்’ என்பதே இயல்பு. இன்னொன்று: ‘வைப் த ஃப்ளோர் வித்’ என்று ஒரு ஆளின் பெயரைச் சேர்த்துவிட்டால், அவரைப் போட்டியில் மண்ணைக் கவ்வ வைத்ததாக அர்த்தம்.

வாசல் தெளிப்பதற்கு ஆங்கிலத்தில் தனி வினைச்சொல் கிடையாது. ‘ஷீ ஸ்வெப்ட் த ஃப்ரண்ட்யார்ட், ஸ்ப்ரிங்கிள்ட் வாட்டர் அண்ட் ட்ரூ எ கோலம்’ என்று விரித்துத்தான் சொல்ல வேண்டும். கோலத்தைக் கோலம் என்றே விட்டுவிடுங்கள். அதை வேறு பெயரில் அழைக்க எந்தக் காரணமும் இல்லை.

விளக்குமாற்றுக்கு ஆங்கிலத்தில் ஒரே சொல்தானா?

பொதுச்சொல் ‘ப்ரூம்’. நம்மிடமோ விளக்குமாறு, துடைப்பம், கொங்குப் பகுதியில் சீமாறு, தெற்கே வாரியல், இலங்கையில் தும்புத்தடி என்று ஊருக்கொரு பெயர் இருக்கிறது. பொருளும் ஒன்றல்ல. தென்னை ஈர்க்கால் கட்டியதற்கு இலங்கை ஆங்கிலத்தில் ‘ஈக்கல் ப்ரூம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. இங்கே ‘கோகனட் ப்ரூம்’ என்றால் புரியும். வீட்டுக்குள் பெருக்கும் பூந்துடைப்பத்தை ‘க்ராஸ் ப்ரூம்’ எனலாம். ஒட்டடைக்கோல் ‘காப்வெப் ப்ரஷ்’. குப்பை அள்ளும் தட்டு ‘டஸ்ட்பேன்’. அதை ‘டஸ்ட்பின்’ என்று மாற்றிச் சொல்லிவிடாதீர்கள், அது குப்பைத்தொட்டி.

கார்டைத் தேய்ப்பது ஸ்வீப்பா, ஸ்வைப்பா?

ஸ்வைப். கைபேசித் திரையில் விரலை இழுப்பதும் ஸ்வைப்தான்.

வெள்ளச் செய்திகளில் ‘ஸ்வெப்ட் அவே’ என்கிறார்கள், சில சமயம் ‘வாஷ்ட் அவே’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

மிக நெருக்கமானவை, பல இடங்களில் மாற்றிப் போட்டாலும் தவறாகாது. ஆனால் உற்றுப் பார்த்தால் நிறம் வேறு. ‘வாஷ்ட் அவே’ என்பதில் தண்ணீர் அரித்துக் கரைத்துக்கொண்டு போகும் சாயல் உண்டு. சாலை, ஆற்றங்கரை, தரைப்பாலம் போன்றவற்றுக்கு இது வரும். ‘ஸ்வெப்ட் அவே’ என்பதில் ஓட்டத்தின் வேகம் முன்னால் நிற்கிறது. மனிதர்கள், ஆடுமாடுகள், வண்டிகள், படகுகள் என்று முழுசாக அடித்துச் செல்லப்படுபவற்றுக்கு இது வரும்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் தாக்கிய இரவில், பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் அலை அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்தவர்கள் பிழைக்கவில்லை. இதை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ‘த ட்ரெய்ன் வாஸ் ஸ்வெப்ட் இன்டு த ஸீ’ என்று செயப்பாட்டு வினையில் எழுதுவார்கள். இந்தப் பொருளில் செயப்பாட்டு வினையே அதிகம் வரும். அடித்துச் செல்லப்பட்டவர்களைத்தானே செய்தி முதலில் சொல்ல வேண்டும்? தமிழிலும் ‘வெள்ளம் மூவரை அடித்துச் சென்றது’ என்பதைவிட ‘மூவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டனர்’ என்றே நாளிதழ்கள் எழுதுகின்றன. ஆகவே இந்த அமைப்பு உங்களுக்குப் புதிதல்ல.

தேர்தல் செய்தியில் ‘ஸ்வீப்’ என்றால் எத்தனை இடம் வென்றிருக்க வேண்டும்?

கணக்கு எதுவும் வரையறுக்கவில்லை. ஏறக்குறைய எல்லா இடத்தையும் அள்ளினாலே ‘ஸ்வெப்ட் த போல்ஸ்’ என்று எழுதிவிடுவார்கள். 1991 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. - காங்கிரஸ் கூட்டணி 234 இடங்களில் 225-ஐப் பிடித்தது. அதை ஸ்வீப் என்று சொல்ல யாரும் தயங்க மாட்டார்கள்.

‘க்ளீன் ஸ்வீப்’ என்பது வேறு. அங்கே ஒன்றுகூட மிச்சமிருக்கக் கூடாது. 2004 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. தலைமையிலான கூட்டணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும், புதுச்சேரியையும் சேர்த்து நாற்பதையும் வென்றது. 2024-லும் அதே நாற்பது. அது க்ளீன் ஸ்வீப். 2014-ல் அ.தி.மு.க. தமிழ்நாட்டில் 37 தொகுதிகளை வென்றது. மிகப் பெரிய வெற்றி, ஆனால் ‘க்ளீன்’ சேராது. இரண்டு தொகுதி பாக்கி நிற்கிறதே. செய்தித்தாள்களே சில சமயம் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. நீங்கள் எழுதும்போது கவனியுங்கள்.

தமிழில் எழுதும்போது ‘வாரிச் சுருட்டியது’, ‘அள்ளியது’ இரண்டும் பொருந்தும். ‘துடைத்தெறிந்தது’ என்று போட்டால் தோற்றவர்கள் பக்கம் திரும்பிவிடும். அதற்கு ஆங்கிலத்தில் ‘வைப்ட் அவுட்’.

கிரிக்கெட்டில் தொடரை முழுதாக வென்றால் க்ளீன் ஸ்வீப் என்பதா, வைட்வாஷ் என்பதா?

நிகழ்ச்சி ஒன்று, நிற்கிற பக்கம் வேறு. வென்றவர்கள் க்ளீன் ஸ்வீப் செய்கிறார்கள், தோற்றவர்கள் வைட்வாஷ் ஆகிறார்கள். 2024-ல் நியூசிலாந்து அணி இங்கே வந்து பெங்களூரு, புனே, மும்பை மூன்று டெஸ்டையும் வென்றது. நியூசிலாந்து க்ளீன் ஸ்வீப் செய்தது, இந்தியா சொந்த மண்ணிலேயே வைட்வாஷ் ஆனது. ஒரு எச்சரிக்கை: கிரிக்கெட்டுக்கு வெளியே ‘வைட்வாஷ்’ என்றால் சுவருக்கு வெள்ளையடிப்பது, அல்லது ஒரு தவறுக்கு வெள்ளையடித்து மறைப்பது.

‘ஸ்வீப் ஷாட்’ என்று ஏன் பெயர் வந்தது?

அந்த அடியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், காரணம் தானாகப் புரியும். சுழற்பந்து வந்து விழும் இடத்தை நோக்கி முன்காலை நீட்டி, பின்முழங்காலைத் தரையில் ஊன்றி, மட்டையைப் படுக்கவைத்துத் தரையோடு தரையாக லெக் பக்கம் வீசுகிறார்கள். குனிந்து பெருக்குகிறவரின் கை எப்படிப் போகிறதோ அப்படியே மட்டையும் போகிறது. நேராக நிமிர்ந்த மட்டையால் அடிக்கும் டிரைவுக்கு இது நேர் எதிர்.

இந்த அடி எவ்வளவு செய்யும் என்பதற்கு 1987 உலகக் கோப்பையைப் பார்த்தால் போதும். நவம்பர் 5 அன்று மும்பை வான்கடே மைதானத்தில் அரையிறுதி. இந்தியாவின் இடதுகைச் சுழலர்கள் மணீந்தர் சிங்கையும் ரவி சாஸ்திரியையும் இங்கிலாந்தின் கிரஹாம் கூச் ஓயாமல் ஸ்வீப் செய்தார். 115 ரன். இந்தியா 35 ரன்னில் தோற்று வெளியேறியது. மூன்று நாள் கழித்துக் கொல்கத்தா ஈடன் கார்டனில் இறுதிப் போட்டி. இங்கிலாந்து இலக்கைத் துரத்திக்கொண்டிருக்கிறது. ஆலன் பார்டர் பந்து வீச வருகிறார். அவருடைய முதல் பந்தையே இங்கிலாந்துத் தலைவர் மைக் கேட்டிங் திருப்பி ஆஃப் பக்கம் பெருக்கப் பார்த்தார். அதுதான் ‘ரிவர்ஸ் ஸ்வீப்’. பந்து மட்டையின் விளிம்பில் பட்டு, தோளில் மோதி, விக்கெட் கீப்பர் கைக்குப் போனது. ஆஸ்திரேலியா 7 ரன்னில் கோப்பையை வென்றது. அதற்குப் பிறகு பல வருடம் ரிவர்ஸ் ஸ்வீப் என்றாலே முகம் சுளித்தார்கள். இன்று அதே அடியைச் சின்னப் பையன்கள் தெருவில் ஆடுகிறார்கள்.

வினையாகச் சொல்லும்போது ‘ஹீ ஸ்வெப்ட் த பால் டு ஃபைன் லெக்’ எனலாம். ‘ஹீ ஸ்வெப்ட் த ஸ்பின்னர் ஃபார் ஃபோர்’ என்றும் பந்துவீச்சாளரையே செயப்படுபொருளாக்கலாம். வர்ணனையாளர்களுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

வேறு விளையாட்டுகளில் இந்தச் சொல் உண்டா?

கால்பந்தில் ‘ஸ்வீப்பர்’ உண்டு. தற்காப்பு வரிசைக்குப் பின்னால் தனியாக நின்று, அதைத் தாண்டி வரும் பந்துகளை எல்லாம் வாரி வெளியே தள்ளுகிறவர். மேற்கு ஜெர்மனியின் பிரான்ஸ் பெக்கன்பாயர் அந்த இடத்துக்கே புது மரியாதை தேடித் தந்தவர். தடுப்பதோடு நிற்காமல் பந்தை எடுத்துக்கொண்டு முன்னேறித் தாக்குதலைத் தொடங்குவார்.

குளிர்கால ஒலிம்பிக்கில் கர்லிங் என்று ஒன்று இருக்கிறது, 1998 முதல் பதக்கப் போட்டி. பனித்தரையில் ஏறக்குறைய 19 கிலோ எடையுள்ள கருங்கல்லைச் சறுக்கிவிடுகிறார்கள். அதன் முன்னால் இரண்டு பேர் பிரஷ்ஷால் பனியை வேகமாகத் தேய்த்துக்கொண்டே ஓடுகிறார்கள். அந்தத் தேய்ப்பில் உராய்வு குறைந்து கல் இன்னும் தூரம் போகும், வளைவதும் குறையும். அதற்கு ‘ஸ்வீப்பிங்’ என்றே பெயர். பெருக்குவதே ஆட்டத்தின் திறமையாக இருக்கும் விளையாட்டு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

துப்புரவு வேலை செய்கிறவரை ‘ஸ்வீப்பர்’ என்று எழுதலாமா?

எழுத வேண்டாம் என்பதே என் பதில். பழைய அரசாணைகளிலும் பள்ளிப் பதிவேடுகளிலும் அந்தப் பதவிப் பெயர் இருந்தது உண்மை. ஆனால் நம் நாட்டில் அந்தச் சொல் வெறும் வேலையின் பெயராக இருந்ததில்லை. சாதியின் பாரத்தையும் சேர்த்தே சுமந்தது. தமிழில் இப்போது ‘தூய்மைப் பணியாளர்’ என்கிறோம். அதற்கு இணையாக ஆங்கிலத்தில் ‘சானிடேஷன் வொர்க்கர்’ இருக்கிறது. அலுவலகத்திலும் பள்ளியிலும் கடிதம் எழுதும்போது அதையே எழுதுங்கள். நேரில் பேசும்போது அண்ணா, அக்கா என்று கூப்பிடுவதற்கோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கோ எந்த மொழிப் பாடமும் தேவையில்லை.

அப்படியானால் ‘எ ஸ்வீப்’ என்றால் யார்?

பெயர்ச்சொல்லாக ஒரு மனிதரைக் குறித்தால், அது தரை பெருக்குகிறவர் அல்ல. புகைபோக்கியைச் சுத்தம் செய்கிறவர், ‘சிம்னி ஸ்வீப்’. இங்கிலாந்தின் குளிருக்கு வீட்டுக்கு வீடு கணப்பு உண்டு, அதன் புகைபோக்கியில் கரி படியும், அதை அவ்வப்போது எடுக்காவிட்டால் தீப்பிடிக்கும். குறுகலான அந்தக் குழாய்க்குள் பெரியவர்கள் நுழைய முடியாது. எனவே சின்னப் பையன்களை உள்ளே ஏற்றினார்கள். ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகள். சிலர் உள்ளேயே சிக்கி மூச்சு முட்டி இறந்தார்கள். தப்பி வளர்ந்தவர்களில் பலருக்கு விரைப்பையில் புற்றுநோய் வந்தது. அதற்குக் கரிப்புகைப் படிவே காரணம் என்று 1775-ல் எழுதியவர் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட். ஒரு தொழிலால் வரும் புற்றுநோய் என்று மருத்துவ உலகம் அடையாளம் கண்ட முதல் நோய் அது.

8 வயதுக்குக் கீழே உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது என்று 1788-ல் ஒரு சட்டம் வந்தது. 21 வயது ஆகாதவர்கள் ஏறவே கூடாது என்று 1840-ல் இன்னொன்று. யாரும் மதிக்கவில்லை. 1875-ல் கேம்பிரிட்ஜ் அருகே ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் ஒரு மருத்துவமனையின் புகைபோக்கியில் சிக்கி இறந்தான். ஷாஃப்ட்ஸ்பரி பிரபு அந்தச் சாவை முன்வைத்து நாடாளுமன்றத்தில் போராடினார். அந்த ஆண்டே, காவல்துறையிடம் உரிமம் பெறாமல் அந்தத் தொழிலைச் செய்யக் கூடாது என்ற சட்டம் வந்து, பிள்ளைகளை ஏற்றும் வழக்கம் ஒழிந்தது. பழைய ஆங்கிலக் கதைகளில் முகமெல்லாம் கரியோடு ‘ஸ்வீப்’ என்று ஒரு சிறுவன் வந்தால், இதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

‘ஸ்வீப் அண்டர் த கார்ப்பெட்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

பூசி மெழுகுவது. கம்பளத்தைத் தூக்கி, குப்பையை அடியில் தள்ளி, வெளியே சுத்தமாகக் காட்டுவதுதான் ஆங்கில வழக்கு. பிரச்சினையைத் தீர்க்காமல் கண்ணில் படாமல் வைப்பது. சிலர் ‘முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது’ என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பூசணிக்காய் பழமொழி, எல்லோருக்கும் தெரிந்ததைப் பொய் சொல்லி மறைக்கப் பார்ப்பது. கம்பளத்துக்கு அடியில் இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. அமெரிக்கர்கள் கார்ப்பெட்டுக்குப் பதில் ‘ரக்’ என்பார்கள்.

‘ஸ்வீப்பிங் ஸ்டேட்மென்ட்’ என்றால்?

விதிவிலக்கே இல்லாதது போல ஒட்டுமொத்தமாக அடித்துவிடும் பேச்சு. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் யாரும் படிப்பதே இல்லை’ என்பது நல்ல உதாரணம். இங்கே ‘ஸ்வீப்பிங்’ குறை சொல்லும் சொல். ‘ஸ்வீப்பிங் சேஞ்சஸ்’ என்றால் குறையும் இல்லை புகழும் இல்லை, பெரும் மாற்றங்கள், அவ்வளவுதான்.

வங்கியில் ‘ஆட்டோ ஸ்வீப்’ வேண்டுமா என்று கேட்கிறார்கள். வாங்கலாமா?

சொல்லுக்குப் பொருள் முதலில். சேமிப்புக் கணக்கில் ஒரு வரம்புக்கு மேல் நிற்கும் பணத்தைத் தானாகவே வைப்புத்தொகைக்குத் தள்ளிவிடுவதுதான் அது. வரம்பு 25,000 ரூபாய், கணக்கில் 60,000 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 35,000 வைப்புத்தொகையாகிக் கூடுதல் வட்டி பெறும். நீங்கள் 40,000-க்குக் காசோலை கொடுத்தால், குறைகிற பணம் அங்கிருந்து திரும்பி வரும்.

சும்மா கிடக்கிற பணத்துக்கு நல்ல ஏற்பாடுதான். கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: வரம்பு எவ்வளவு, எத்தனை ஆயிரத்தின் மடங்காகத் தள்ளுவார்கள், இடையில் உடைத்தால் எந்த வட்டி. மாதாமாதம் பணம் வருவதும் போவதுமாக உள்ள கணக்கில் வைப்பு அடிக்கடி உடைபடும். அங்கே எதிர்பார்த்த வட்டி கிடைக்காது.

‘ஸ்வெப்ட் ஆஃப் ஹெர் ஃபீட்’ என்றால் கால் வழுக்கி விழுந்தாளா?

அலையில் நின்றிருந்தால் அப்படியும் இருக்கலாம். மற்றபடி, ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் மனதைப் பறிகொடுத்துவிட்டாள் என்று பொருள். முன்பின் வாக்கியங்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

உச்சரிப்பில் என்ன கவனிக்க வேண்டும்?

இரண்டு இடம். முதலாவது தொடக்கம். ‘இஸ்வீப்’ என்று முன்னால் இகரம் சேர்ப்பதும், ‘சுவீப்’ என்று நடுவில் உகரம் சேர்ப்பதும் நம் நாக்கின் பழக்கம். ‘ஸ்’ என்று சீறிக்கொண்டே உதட்டைக் குவித்து நேரே ‘வீ’க்குப் போங்கள். மேல்பல் கீழுதட்டில் படக் கூடாது. இரண்டாவது முடிவு. ‘ஸ்வெப்ட்டு’ என்று உகரத்தில் இறக்கிவிடாமல், ‘ப்’புக்கு உதட்டை மூடி, உடனே நாக்கு நுனியால் ‘ட்’டில் நிறுத்துங்கள். ‘ஸ்வெப்ட் அவே’ என்று அடுத்த சொல்லோடு சேர்த்துச் சொன்னால் அந்த ‘ட்’ தானாகவே ‘அ’வில் ஏறிக்கொள்ளும். தனியாகச் சொல்லிப் பழகுவதைவிட இது சுலபம்.